சைபர் செக்யூரிட்டியை அதன் பெயரிலிருந்தே கற்றுக்கொள்வது எப்படி

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குக் கணினிப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதல் வகுப்பில் நான் கடவுச்சொல்லைப் பற்றிப் பேசுவதில்லை, வைரஸைப் பற்றியும் பேசுவதில்லை. “சைபர்” என்ற சொல்லில் ஆரம்பிக்கிறேன். சிலர் கொட்டாவி விடுவார்கள், பரவாயில்லை. அந்தச் சொல்லின் கதை பிடிபட்டுவிட்டால் மீதிப் பாடத்தில் மனப்பாடம் செய்ய அதிகம் இருக்காது. இங்கேயும் அதே வரிசைதான். முதலில் சொல், அப்புறம் அதை வைத்து உங்கள் மின்னஞ்சலையும் போனையும் கோப்புகளையும் சோதித்துப் பார்க்கும் முறை.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுவோம். கணக்கில் சைபர் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது பூஜ்யம். அந்தச் சைபர் அரபு மொழியின் “ஸிஃப்ர்” வழியாக வந்தது; ரகசிய எழுத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பம். கணினியில் ஒன்றும் பூஜ்யமும்தானே இருக்கின்றன, அதனால்தான் சைபர் என்று வகுப்பில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. கெட்டிக்காரத்தனமான ஊகம். ஆனால் இந்தச் சைபருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

நமக்கு வேண்டிய சைபர் கடலிலிருந்து வந்தது. பழைய கிரேக்க மொழியில் “கிபெர்னேட்டீஸ்” என்றால் கப்பலின் சுக்கானைப் பிடித்து ஓட்டுபவர். தமிழில் மீகாமன் என்று அழகான சொல் இருக்கிறது. நாட்டை ஆள்வதைப் பற்றிப் பேசும்போது பிளேட்டோ இந்த மீகாமனைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். லத்தீனுக்குப் போனபோது அது “குபெர்னாடோர்” ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் “கவர்னர்” ஆனது.

கவர்னர் என்றதும் மாநில ஆளுநர்தான் நினைவுக்கு வருவார். டீசல் எஞ்சின் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள், அவர் வேறு ஒன்றைக் காட்டுவார்: எஞ்சினின் வேகத்தைத் தானாகவே கட்டுக்குள் வைக்கும் பாகம். அதன் மூத்த வடிவம் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினில் இருந்தது. எஞ்சினோடு சேர்ந்து இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் வெளிப்பக்கம் விரியும், அந்த விரிவு நீராவி வரும் வழியைக் குறுக்கும், வேகம் குறையும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழ்ந்து வழி மறுபடி திறக்கும். மனிதக் கை படாமல் ஒரு எந்திரம் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இந்தக் கவர்னர்களின் கணிதத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தக் கட்டுரைக்கு மரியாதை செய்யும் விதமாகத்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் தன் புதிய துறைக்குக் கிரேக்க மூலத்திலிருந்தே பெயர் எடுத்தார்: சைபர்னெடிக்ஸ். இரண்டாம் உலகப் போரில் விமானத்தைச் சுடும் பீரங்கி எங்கே குறிவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணிக்கும் கருவியில் வேலை செய்தவர் அவர். குறி, விலகல், திருத்தம், மறுபடி குறி என்ற சுழற்சி பீரங்கியில் மட்டுமல்ல, உயிர்களிடமும் எந்திரங்களிடமும் ஒன்றாகவே இருக்கிறது என்பது அவருடைய வாதம். 1948-இல் வெளிவந்த அவருடைய நூலின் துணைத் தலைப்பிலேயே கட்டுப்பாடு, தகவல் தொடர்பு என்ற இரண்டும் இருக்கின்றன. விளைவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் இந்தச் சுழற்சியைத்தான் பின்னூட்டம் என்று நாம் இன்று சொல்கிறோம்; இந்தத் துறையின் உயிர்நாடி அதுதான்.

அப்புறம் கதை இலக்கியத்துக்குள் நுழைகிறது. வில்லியம் கிப்சன் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் 1982-இல் ஒரு சிறுகதையில் “சைபர்ஸ்பேஸ்” என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1984-இல் வந்த அவருடைய நாவல் அதை எல்லோர் வாயிலும் போட்டது. அதற்குப் பிறகுதான் “சைபர்” என்ற முன்னொட்டு கப்பலையும் கவர்னரையும் மறந்துவிட்டு, கணினி வலை தொடர்பான எதற்கும் முன்னால் ஒட்டிக்கொள்ளும் துண்டாக மாறியது. “சைபர்செக்யூரிட்டி” என்ற சொல்லின் முதல் பயன்பாடு 1989 என்று மெரியம்-வெப்ஸ்டர் அகராதி குறிக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி மாரிஸ் புழு என்ற, தானாகவே பரவும் நிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியிருந்தது. அந்த அதிர்ச்சியில் சில வாரங்களுக்குள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசர உதவிக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள்.

சொல் புதிது, வேலை பழையது. 1970-லேயே வில்லிஸ் வேர் தலைமையிலான குழு, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினிகளின் பாதுகாப்பைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அறிக்கை கொடுத்துவிட்டது. அப்போது அதன் பெயர் கணினிப் பாதுகாப்பு. பிறகு தகவல் பாதுகாப்பு என்றார்கள், தகவல் உறுதிப்பாடு என்றார்கள். 2014-இல்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் விதிகளில் “சைபர்செக்யூரிட்டி” என்று மாற்றிக்கொண்டது.

சரி, இவ்வளவையும் தெரிந்து என்ன செய்வது?

பாதுகாப்பு என்றதும் பூட்டும் மதில் சுவரும்தான் மனதில் வருகின்றன. சுவரை ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடலாம். சுக்கானை அப்படி விட்டுவிட முடியாது. காற்று திசைமாறும், நீரோட்டம் இழுக்கும், கப்பல் விலகும். விலகுவதைப் பார்த்துத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் மீகாமனின் வேலை. ஆகவே நான் சொல்லித்தரும் முறை மூன்று கேள்விகள்தான். இதை ஓட்டுவது யார்? விலகினால் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தபின் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் உங்களுக்கு முக்கியமானவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: மின்னஞ்சல், போன் எண், போன், மடிக்கணினி, புகைப்படங்கள், வங்கிக் கணக்கு, சொந்த இணையதளம் இருந்தால் அதன் டொமைன், அதாவது இணைய முகவரி. பட்டியல் நீள வேண்டாம். மின்னஞ்சல் கட்டாயம் முதல் வரியில் இருக்கட்டும், ஏனென்றால் மற்றப் பல கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து விழும். பக்கத்தில் மூன்று கட்டங்கள் போட்டு ஒவ்வொன்றிலும் விடை எழுதுங்கள். ஒரு கட்டம் காலியாக நின்றால் அங்கேதான் வேலை.

ஓட்டுவது யார்?

“நான்தான், என்னிடம்தானே கடவுச்சொல் இருக்கிறது” என்று எல்லோரும் எழுதுவார்கள். அதை நம்பாதீர்கள், சோதியுங்கள். உள்நுழைவுப் பக்கத்துக்குப் போய் “கடவுச்சொல் மறந்துவிட்டது” என்பதை அழுத்துங்கள். மீட்புக் குறியீட்டை எந்த எண்ணுக்கு, எந்த முகவரிக்கு அனுப்பட்டும் என்று கேட்கும் இடம்வரை போய் நிறுத்திவிடுங்கள். கடைசி இரண்டு இலக்கங்களோ முதல் எழுத்தோ தெரியும். அது நீங்கள் கைவிட்ட பழைய எண்ணா? பயன்படுத்தாத எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்படியானால் உங்கள் மின்னஞ்சலின் இன்னொரு சுக்கான் முகம் தெரியாத ஒருவர் கையில் இருக்கிறது.

அடுத்து, கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளில் எந்தெந்தச் சாதனங்கள் உள்நுழைந்திருக்கின்றன என்ற பட்டியலைப் பாருங்கள். அதே பக்கத்தில் எந்தெந்தச் செயலிகளுக்கு உங்கள் கணக்கைத் தொட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பதும் இருக்கும். எப்போதோ விளையாட்டாக அனுமதித்த செயலி இன்றைக்கும் உங்கள் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கலாம். வாட்ஸ்அப்பில் “இணைக்கப்பட்ட சாதனங்கள்” என்ற இடத்தையும் திறந்து பாருங்கள். தெரியாத எதையும் நீக்குங்கள். தெரிந்ததாக இருந்தாலும் இப்போது தேவையில்லை என்றால் அதையும் நீக்குங்கள்.

இந்தக் கடைசி வரியைப் பலரும் அலட்சியம் செய்வார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் பைப்லைன் ஒரு கணினித் தாக்குதலால் நிறுத்தப்பட்டது நினைவிருக்கலாம். தாக்கியவர்கள் நுழைந்த வழி, வெளியிலிருந்து நிறுவன வலைக்குள் நுழைய உதவும், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கு. கடவுச்சொல் மட்டும் போதும், அதற்குப் பிறகு இன்னொரு சான்று கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதுவும் இல்லாததற்கு எஸ்எம்எஸ் ஓடிபி மேல். அதைவிட, குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தன்டிகேட்டர் செயலி மேல். கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் மின்னணுச் சாவியான பாஸ்கீ இரண்டையும்விட மேல், ஏனென்றால் அது உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது; போலிப் பக்கத்தில் நீங்கள் ஏமாந்தாலும் அது வேலை செய்யாது.

விலகினால் எப்படித் தெரியும்?

மூன்று கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். பெரும்பாலானோர் தாளில் காலியாக விடுவதும் இதைத்தான்.

1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. யாரோ பணம் கட்டாமல் சில விநாடிகள் கணினியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வானியலாளரான கிளிஃபோர்ட் ஸ்டாலிடம் அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை வந்தது. தள்ளிவிட்டிருக்கலாம், அவர் தள்ளவில்லை. நூல் பிடித்துக்கொண்டு போனால் அமெரிக்க ராணுவக் கணினிகளைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவர் ஜெர்மனியில் சிக்கினார். அந்த ஆய்வகத்தைக் காப்பாற்றியது எந்தப் பூட்டும் இல்லை, 75 சென்ட்டுக்குக்கூட இடிக்கும் ஒரு கணக்கு முறை.

நேர்மாறான கதை ஈக்விஃபாக்ஸ். 2017-இல் அந்தக் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. வலையில் போகும் மறையாக்கப்பட்ட தரவைக் கண்காணிக்க அவர்களிடம் கருவி இருந்தது. ஆனால் அதற்குத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்ததால் கருவி குருடாக உட்கார்ந்திருந்தது. சான்றிதழைப் புதுப்பித்தவுடனேதான் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. ஆக, எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: ஒன்றும் நடக்கவில்லை, அல்லது எச்சரிக்கும் கருவி செத்துவிட்டது. எது என்று தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும்.

அதனால் எச்சரிக்கைகளைப் போட்டுவிட்டு விடாதீர்கள், வேண்டுமென்றே தூண்டிப் பாருங்கள். இதுவரை உள்நுழையாத ஒரு சாதனத்திலிருந்து உங்கள் கணக்கில் நுழையுங்கள். செய்தி வருகிறதா? எங்கே வருகிறது? மின்னஞ்சல் கணக்கைப் பற்றிய எச்சரிக்கை அதே மின்னஞ்சலுக்கு மட்டும் வந்தால் அதில் பயன் குறைவு. உள்ளே புகுந்தவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியங்களில் ஒன்று, குறிப்பிட்ட கடிதங்கள் வந்தவுடன் குப்பைக்குப் போகும்படியோ வெளி முகவரிக்கு நகல் போகும்படியோ ஒரு விதியைப் போட்டுவைப்பது. நீங்கள் எதையும் பார்க்க மாட்டீர்கள். எனவே மின்னஞ்சல் அமைப்புகளில் வடிகட்டிகள், முன்னனுப்புதல் என்ற இரண்டு பகுதிகளையும் அவ்வப்போது திறந்து, நீங்கள் போடாத விதி இருக்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை வேறொரு வழியாகவும் வரும்படி அமையுங்கள், போனிலோ இன்னொரு முகவரியிலோ.

இது மிகைப்படுத்தல் என்று தோன்றினால் ஸ்டக்ஸ்நெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நிரல், ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரங்களின் வேகத்தைக் கலைத்தது. அதே நேரத்தில், எல்லாம் ஒழுங்காக ஓடியபோது பதிவு செய்த அளவுகளைக் கண்காணிப்புத் திரைக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் சரி. வீனரின் பாஷையில் சொன்னால், சுக்கானைப் பிடுங்கியதோடு நிற்காமல் பின்னூட்டத்தையே போலியாக்கினார்கள்.

கடவுச்சொல்லை மாதாமாதம் மாற்றச் சொல்லும் வழக்கமும் இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. எனக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை. கடைசியில் இருக்கும் எண்ணை ஒன்று கூட்டிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று தெளிவாகவே எழுதிவிட்டது. காலண்டரைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பக் கூடாது.

திருப்ப எவ்வளவு நேரம்?

கணக்கு பறிபோய்விட்டது என்று தெரிந்த நிமிடத்தில் யோசிக்க வராது, ஆகவே வரிசையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பாதிக்கப்படாத வேறொரு சாதனத்திலிருந்து நுழையுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் முகவரியும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வடிகட்டிகள், முன்னனுப்புதல், செயலி அனுமதிகள், பிறகு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. பலர் கடவுச்சொல்லை மாற்றியதோடு நிறுத்திவிடுகிறார்கள். செயலி அனுமதி வழியாகவோ முன்னனுப்பும் விதி வழியாகவோ நுழைந்தவருக்கு உங்கள் புதிய கடவுச்சொல் தேவையே இல்லை. கணக்கை மீட்கும் குறியீடுகளை அச்சிட்டுக் காகிதமாக வையுங்கள். போன் தொலைந்த அன்று போனுக்குள் இருக்கும் குறியீட்டால் பிரயோஜனம் இல்லை.

கோப்புகளுக்குத் திருப்பம் என்றால் காப்பு நகல். நகல் எடுத்திருக்கிறேன் என்பது விடையாகாது. திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. இன்றைக்கே ஒரு பழைய படத்தைக் காப்பிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள், கடிகாரத்தையும் பாருங்கள். ஒரு நகலாவது கணினியோடு இணைக்காமல் தனியே இருக்கட்டும், இல்லையென்றால் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மென்பொருள் புதுப்பிப்பும் நேரக் கணக்குதான். 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைத்துப் புதுப்பிப்பு வெளியிட்டது. மே 12-ஆம் தேதி வன்னாகிரை என்ற, பணம் கேட்கும் நிரல் அதே ஓட்டை வழியாக நுழைந்து உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இருந்தன. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

சொல்லைச் சரியாகப் பயன்படுத்த

தகவல் பாதுகாப்பும் சைபர் பாதுகாப்பும் ஒன்றா என்று கேட்பார்கள். பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று படிகிறது, ஓரங்களில் பிரிகிறது. அலமாரியில் இருக்கும் ஊழியர்களின் காகிதக் கோப்பு திருடுபோனால் அது தகவல் பாதுகாப்பின் பிரச்சினை, அங்கே சைபர் எதுவும் இல்லை. 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில் நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம். கழிவுநீர் பம்புகளைக் கட்டுப்படுத்தும் அமைப்புக்குள் ரேடியோ வழியாகப் புகுந்த ஒருவர் சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீரை ஓடைகளிலும் பூங்காக்களிலும் கொட்டவைத்தார். யாருடைய ரகசியமும் போகவில்லை. போனது கட்டுப்பாடு. சைபர் என்ற சொல்லின் பழைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் எனக்குத் தெரியாது.

தாக்க ஆள் இருந்தால்தான் பாதுகாப்புப் பிரச்சினை என்பதும் இல்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினியில் இரண்டு கோப்புகள் இடம் மாறிவிட்டன. அன்றைய வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் உள்நுழைந்த ஒவ்வொருவர் திரையிலும் வந்து நின்றன. வில்லனே கிடையாது, நிரலில் ஒரு கோளாறு மட்டும்தான்.

நிறுவனத்தில் இந்த வேலையைப் பார்ப்பவராக இருந்தால் நிஸ்ட்டின் சைபர்செக்யூரிட்டி சட்டகத்தைப் படிக்கலாம். 2014-இல் வந்தபோது அதில் ஐந்து செயல்கள் இருந்தன: அடையாளம் காண், பாதுகா, கண்டறி, எதிர்வினை செய், மீள். நம் மூன்று கேள்விகளும் அதற்குள் அடக்கம். 2024-இல் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அதன் ஆங்கிலப் பெயர் “கவர்ன்”. கிபெர்னேட்டீஸிலிருந்து புறப்பட்ட இரண்டு சொற்களும் ஒரே ஆவணத்தில் வந்து சந்தித்துக்கொண்டன. சேர்த்தவர்கள் இதற்காகச் சேர்க்கவில்லை, எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

யாராவது உங்களிடம் “முழுமையான சைபர் பாதுகாப்பு” என்று எதையாவது விற்க வந்தால் விளக்கப் படங்களை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு இதே கேள்விகளைக் கேளுங்கள். இதை நிறுவியபின் என் கணினிகளில் யாருக்கெல்லாம் அனுமதி இருக்கும், உங்கள் ஊழியர்களையும் சேர்த்து? உங்கள் கருவியே நின்றுபோனால் எனக்கு யார் சொல்வார்கள்? எதையாவது கண்டுபிடித்தால் எத்தனை மணி நேரத்துக்குள், யாரைக் கூப்பிடுவீர்கள்? முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதற்கு “அது நிற்காது” என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். மூன்றாவதற்குச் சொல்லும் நேரத்தை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.